ஐந்து காருக்கு ஒரு வளையம்

மார்ச் 3

பந்தயத் தளப் பரிசோதகர் அவர்களுக்கு,

நிராகரிக்கப்பட்ட காரின் சொந்தக்காரர் தன் ஆட்சேபணையை மூன்று நாளுக்குள் எழுத்தில், புகார்ப் பெட்டியில் போட வேண்டும் என்று விதிப்புத்தகத்தின் பதினோராம் பக்கம் சொல்கிறது. வாய்ப்பேச்சு செல்லாதாம். எனக்கும் அதுதான் வசதி. நாம் முகம் பார்த்துப் பேசி ஏழு மாதம் ஆகிறது. ஒரு இரும்பு வளையத்துக்காக அந்தச் சாதனையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

நடந்தது இது. நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தப் பருவத்தின் முதல் ஓட்டத்துக்கு, என் நீலக் காரைப் பரிசோதனைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஓட்டப் போகிறவள் என் மகள். வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்தை நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டுகிறவள். நாலு வாரத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் நானூறு மீட்டர் நேர்ப்பாதையில் காலை அழுத்தி மிதிக்கக் கொடுத்து வைத்தவள். நீங்கள் காருக்கு அடியில் படுத்தீர்கள். டார்ச் அடித்தீர்கள். டிரைவ் ஷாஃப்டைச் சுற்றிப் போட்டிருந்த பாதுகாப்பு வளையத்தை விரலால் தடவிப் பார்த்தீர்கள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, இருபது பேர் பார்க்க, "இந்த வண்டி ஓடாது, தள்ளிட்டுப் போங்க" என்றீர்கள். என் மகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். அதைக் கழற்ற அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. உள்ளே அழுதிருப்பாள்.

வளையம் இருந்தது. முழு வட்டம். ஆறு மில்லிமீட்டர் தகடு. முன் ஜாயிண்ட்டிலிருந்து பதினைந்து சென்டிமீட்டருக்குள் இருந்தது. விதி கேட்பது அவ்வளவுதான். அதை வெல்டு செய்த கை யாருடையது என்று உங்களுக்குத் தெரியாதா? உள்பக்கம் மூன்று புள்ளி குத்தியிருக்கிறதே. சமைத்தவளே சாப்பாட்டைத் தட்டோடு தூக்கி எறிந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

முன் ஜாயிண்ட்டில் ஆட்டம் இருக்கிறது என்றும் நிராகரிப்புச் சீட்டில் எழுதியிருக்கிறீர்கள். ஆட்டம் ஜாயிண்ட்டில் இல்லை. அந்தச் சீருடையைப் போட்டதிலிருந்து வேறு ஒருவரிடம் இருக்கிறது.

முப்பதாம் தேதி அடுத்த ஓட்டம். அதற்குள் தீர்ப்பு வேண்டும். இதன் நகல் நிர்வாகத்துக்கும் போயிருக்கிறது. பிறகு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது.

இப்படிக்கு,
நீலக் காரின் சொந்தக்காரன்

*

மார்ச் 6

மனுதாரர் அவர்களுக்கு,

தங்கள் மனு கிடைத்தது. எழுத்துப்பிழை ஒன்பது. மற்றப் பிழைகளைக் கீழே எழுதுகிறேன்.

அந்த வளையம் எதற்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு இதைச் சொல்ல நேர்ந்தது வெட்கக்கேடு. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட், ஓட்டுகிறவளின் காலுக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய தகட்டுக்கு அந்தப்புறம், நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்று சுற்றுகிறது. முன் ஜாயிண்ட் உடைந்தால் அதன் தலை கீழே விழும். தரையில் குத்தினால் காரையே தூக்கிக் குப்புறப் போடும். குத்தாவிட்டால் சுழன்றபடியே தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். மேலே இருப்பது கால். விழும் தலையைப் பிடித்துக்கொள்ளத்தான் வளையம். பரிசோதகரிடம் காட்டுவதற்கு இல்லை.

இனி ஞாயிறு நடந்ததை நானும் சொல்கிறேன். எட்டரைக்குக் கறிக்கடைக்காரரின் சிவப்புக் கார் வந்தது. வளையத்தில் மூன்று புள்ளி. சரி, நம் பட்டறையில் வாங்கியிருப்பார் என்று விட்டேன். ஒன்பதுக்குப் பல் டாக்டரின் வெள்ளைக் கார். மூன்று புள்ளி. ஒன்பதரைக்குத் தங்களுடையது. மூன்று புள்ளி, தொட்டால் சூடு. காலையிலிருந்து எஞ்சினே போடாத காரில் வளையம் மட்டும் எப்படிச் சுட்டது? டாக்டர் காரின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. போல்ட்டுகளை விரலாலேயே திருகிக் கழற்ற முடிந்தது. அதனால்தான் மூன்று காரையும் நிராகரித்தேன். வரிசையில் பின்னால் நின்ற கோழிப்பண்ணைக்காரரும் லாரி புரோக்கரும் சொல்லாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரே சட்டையை ஐந்து பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்த கதைதான். அதிலாவது சட்டை நாறுவதோடு போகும்.

பரிசோதனை முடிந்ததும் வளையத்தைக் கழற்றுவது எடை குறைக்க என்று அறிவேன். வளையம் மூன்று கிலோ. தங்கள் டேஷ்போர்டில் திருகியிருக்கும் பித்தளைப் பலகையை எப்போதாவது எடை போட்டதுண்டா? ‘அக்கா தம்பி பட்டறை’ என்று வெட்டிய பலகை. அதில் பாதிப் பெயர் பொய்யாகி ஏழு மாதம் ஆகிறது. அதைக் கழற்றலாம்.

ஜாயிண்ட்டைக் கையால் பிடித்து ஆட்டினேன். கடகடவென்றது. மாற்றவும்.

மனு தள்ளுபடி.

பரிசோதகர்

*

மார்ச் 9

அக்காவுக்கு,

‘அவர்களுக்கு’ என்று எழுதிக் கை வலிக்கிறது. இனி நீ, நான் என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கு அதுதான் தோது.

சட்டையைப் பற்றி எழுதினாயே, அந்தச் சட்டையைத் தைத்தது யார்? அது ஓடுவதற்கான வளையமே இல்லை. அளவு வளையம். எந்தக் காரிலும் வைத்து அளவு பார்க்கலாம் என்று போல்ட் துளைகளை நீள நீளமாக நீ வெட்டினாய். இதை மாட்டிப் பார்த்து, அவரவர் காருக்கு அளவெடுத்து, பிறகு ஐந்து பேருக்கும் தனித்தனியாக வளையம் செய்வதாகப் பேச்சு. செய்தாயா? அளவெடுக்க வந்த கறிக்கடைக்காரர், "இதையே ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் குடுங்களேன்" என்று கேட்டார். நீ கொடுத்தாய். அடுத்த மாதம் டாக்டர் கேட்டார். கொடுத்தாய். இரண்டு வருடம் உன் கையாலேயே அதை ஒவ்வொரு காரிலும் மாட்டினாய், கழற்றினாய். புள்ளி குத்தியதும் நீதான். "காணாமப் போயிட்டா அடையாளம் வேணும்ல" என்றாய்.

"இது தாங்குமாக்கா?" என்று டாக்டர் ஒரு நாள் கேட்டது நினைவிருக்கிறதா? நீ என்ன சொன்னாய்? "தாங்குறதை விடுங்க, அந்தப் பரிசோதகன் குனியவே மாட்டான், தொப்பை இடிக்கும்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். உன் சிரிப்பு அடங்கத்தான் நேரம் ஆயிற்று. இப்போது அந்தத் தொப்பைக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்கிறாய். ஊருக்குத்தான் உபதேசம்.

தளத்தில் உனக்கு என்ன பெயர் தெரியுமா? முட்டுக்கட்டை. நான் வைக்கவில்லை. நான் வைத்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

பலகையைக் கழற்றச் சொல்ல நீ யார்? அது என் கார்.

தம்பி

*

மார்ச் 14

தம்பிக்கு,

ஐந்து நாள் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்த போதெல்லாம் அந்தச் சிரிப்புத்தான் காதில் விழுந்தது. நீ சொன்னது அத்தனையும் உண்மை. துளையை நீளமாக வெட்டியது நான். கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தது நான். உலகத்தில் நான் கேவலமாக நினைக்கிற ஆட்கள் நாலைந்து பேர் உண்டு. நீ ஒருவன், உனக்கு அது தெரியும். அந்த வரிசையில் இப்போது எனக்கு முதலிடம். போதுமா?

ஆனால் நீ ஒன்றை விட்டுவிட்டாய். போன வருடம் நான் அந்த ஐந்து வளையத்தையும் செய்து முடித்துவிடலாம் என்றேன். தகடு வெட்டக் கோடு கூடப் போட்டேன். "நீ வெல்டு வை, யோசிக்கிறதை நான் பாத்துக்கிறேன்" என்றாய், கறிக்கடைக்காரர் முன்னால் வைத்து. அன்று வெல்டிங் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டியவள்தான். சீருடை ஆசையில் ஓடிப்போனாள் என்று நீ ஊரெல்லாம் சொல்வதாகக் கேள்வி. இந்தச் சீருடையைப் போட்டுப் பார், அக்குள் எப்படிப் பிடிக்கிறது என்று தெரியும்.

இங்கே அலுவலகத்துக் கதவுக்குப் பின்னால் ஒரு காரின் தரைத்தகடு சாத்தியிருக்கிறது. நடுவில் கிழிசல். கிழிசலின் விளிம்பெல்லாம் மேல்நோக்கி விரிந்து நிற்கிறது. கூர்மையாக இருப்பதால் மழைக்கோட்டு மாட்ட வசதியாம், மாட்டுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று, இது யாருடைய கார், கால் என்ன ஆயிற்று என்று என் உதவிப் பரிசோதகனிடம் கேட்டேன். "பழைய ரிஜிஸ்டரைப் பாக்கணும் மேடம்" என்று தலையை ஆட்டினான். எதற்கும் அவன் தலையைத்தான் ஆட்டுவான். அதனால் அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். ரிஜிஸ்டரை நானே பார்த்தேன். ‘வளையம் இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. காலைப் பற்றி ஒன்றுமில்லை.

இன்னொரு செய்தி. உன் மனுவின் நகலை நிர்வாகம் படித்துவிட்டது. பரிசோதகர் தன் உறவினரின் காரைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். இனி உன் கார் தலையாட்டிக்கு. நீ ஜெயித்துவிட்டாய். முப்பதாம் தேதி அவன் உன் காரைச் சுற்றி ஒரு நடை நடப்பான், ஸ்டிக்கர் ஒட்டுவான். வேலிக்கு ஓணான் சாட்சி.

அதனால் கேட்கிறேன். எனக்குக் கெஞ்சத் தெரியாது. தெரிந்தவர்கள் எப்படி எழுதுவார்களோ அப்படி எழுதியதாக நினைத்துக்கொள். நீலக் காருக்கென்று ஒரு வளையம் நான் செய்து தருகிறேன். ஜாயிண்ட்டை மட்டும் நீ மாற்று. உள்ளே உட்காரப் போகிறவள் உனக்கு மகள் என்றால் எனக்கு மருமகள்.

அக்கா

*

மார்ச் 17

அக்காவுக்கு,

உத்தரவின் நகல் எனக்கும் வந்தது. கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்திருக்கிறேன், வரவேற்பறையில் மாட்டுவதாக இருக்கிறேன்.

உன் வளையம் வேண்டாம். உன் கை என் காரில் படக் கூடாது. அளவு வளையம் பட்டறையில் அதன் ஆணியில் தொங்குகிறது. ஞாயிறு காலை தலையாட்டி சுற்றி வரும் வரை அது காரில் இருக்கும். பிறகு கழற்றுவேன். வெளியே காத்திருக்கும் நாலு பேருக்கும் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் காரைப் பார்க்கப் போவது நீ என்பது தெரியும். இந்தத் தடவை ஐஸ் வைத்து ஆற்றிக் கொடுப்போம், ஸ்பேனர் போட்டு முறுக்குவோம், புள்ளியின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடிப்போம். நீ கண்டுபிடி, பார்க்கலாம்.

ஜாயிண்ட்டைப் பற்றி நீ ஒன்றும் கவலைப்பட வேண்டாம். கிரீஸ் வைத்திருக்கிறேன். இப்போது சத்தம் இல்லை.

மூன்று கிலோ என்பது உனக்கு அற்பம். போன பருவம் இவள் தோற்றது எவ்வளவில் தெரியுமா? கண் இமைக்கும் நேரத்தில் பாதி. தோற்றுவிட்டு வந்து, "பரவாயில்லப்பா" என்றாள். அந்தப் பரவாயில்லையை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது. உனக்குப் பிள்ளை இல்லை, சொன்னால் புரியாது.

தம்பி

*

மார்ச் 26

எவள் என் காரில் கை வைத்தவள்?

நேற்று மத்தியானம் டயர் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தேன். கார் நின்ற இடத்தில்தான் நின்றது, பட்டறை பூட்டித்தான் இருந்தது. இன்று காலை நாலு பேரும் வந்தார்கள், வளையத்தை ஒரு தடவை மாட்டிப் பழகிப் பார்க்கலாம் என்று. ஆணியில் வளையம் இல்லை. தேடு தேடு என்று தேடினோம். கடைசியில் காருக்கு அடியில் டார்ச் அடித்தால், அங்கே இருக்கிறது. போல்ட் இல்லை. அதன் தாங்கு தகட்டைக் காரின் சட்டத்தோடு வைத்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாலு வெல்டு. நீளத் துளைகளையெல்லாம் அடைத்திருக்கிறது.

நானா கண்டுபிடிக்க மாட்டேன்? அடுக்கி வைத்த சில்லறைபோல் வரிசையாக வெல்டு வைப்பவள் இந்த ஊரில் ஒருத்திதான்.

பல் டாக்டர் அடியில் படுத்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். தொழில் புத்தி. கறிக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே எங்க எல்லாருக்கும் சேத்து உங்க மகளே ஓட்டட்டும்" என்றார் லாரி புரோக்கர். இருபது வருடத்தில் என் பட்டறையில் நின்று என்னை இப்படிப் பேசியவன் கிடையாது. கொடுத்த வாக்கு என்ன ஆவது?

கதவைத் திறந்துவிட்டது யார்? என் வீட்டில் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள்தான். கேட்டால் என் மனைவி, "எனக்கென்ன தெரியும்" என்று பாத்திரத்தைத் தேய்க்கிறாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்க்கிறாள்.

அறுத்து எடுக்கப் போகிறேன். சனிக்கிழமை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

*

மார்ச் 27

தம்பிக்கு,

நான்தான்.

உன் மனைவி சாவியைக் கொடுத்தாள். உன் மகள் பக்கத்தில் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பொறி பட்டுத் தீப்பிடிக்காமலிருக்க. பாதியில் நான்தான் தயங்கினேன். சீருடைக்காரி, விதிப்படி உன் காரைத் தொடக்கூட எனக்கு உரிமை இல்லை, தெரிந்தால் வேலை போகும். "அப்பா கேட்டா நான் சொல்லிக்கிறேன் அத்தை, நீங்க நிறுத்தாதீங்க" என்றாள். நீ அவளிடம் கேட்கவில்லை போலிருக்கிறது. பயமா?

புதிதாக ஒன்று செய்து மாட்டியிருக்கலாம். அதையும் நீ கழற்றி ஆணியில் மாட்டுவாய். இந்த ஒன்றுதான் ஐந்து காருக்கும் போகிற வளையம். இதை ஒரே காரில் ஒட்டிவிட்டால் மற்ற நாலு பேரும் ஆளுக்கொன்று செய்தே ஆக வேண்டும். என் தப்புக்கு நான் வைத்த வெல்டு அது. உன் மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஜாயிண்ட்டையும் மாற்றியிருப்பேன். நேரம் இல்லை, நீ டயர் வாங்க அவ்வளவு சீக்கிரம் போய் வருவாய் என்று யார் கண்டது? வழக்கமாகப் போகிற இடத்திலெல்லாம் உட்கார்ந்து கதையளக்கிறவன்.

அறுப்பாயானால் அறு. நான் சங்கிலி போட்டுக் கட்டவா முடியும்? பிள்ளை இல்லாதவளுக்குப் புரியாது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் நீ நேரில் சொல்லாததற்கு நன்றி. நேரில் சொல்லியிருந்தால் அந்த அளவு வளையம் உன் தலையில் பொருந்துகிறதா என்று பார்த்திருப்பேன்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

ஞாயிறு நடந்தது உனக்குத் தெரியும். நீ அப்போது கோழிப்பண்ணைக்காரரின் காரை நிராகரித்துக்கொண்டிருந்தாய். சத்தம் கேட்டுத் திரும்பியதையும், எழுதிக்கொண்டிருந்த அட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடியதையும் பார்த்தேன். நீ அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாய். நான் வந்ததும் விலகிப் போய்விட்டாய். அதனால் உனக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

முன் ஜாயிண்ட் முந்நூறாவது மீட்டரில் உடைந்தது. நீ சொன்ன அதே இடம். கிரீஸ் வைத்ததால் சத்தம் நின்றதே தவிர ஆட்டம் நிற்கவில்லை. ஷாஃப்டின் தலை கீழே விழுந்து வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு அடித்திருக்கிறது. வண்டி நிற்கும் வரை அடித்திருக்கிறது. தரைத்தகடு மேலே உப்பி நிற்கிறது. அளந்து பார்த்தேன். உப்பிய இடத்துக்கும் அவள் கெண்டைக்கால் இருந்த இடத்துக்கும் நடுவே மூன்று விரல். கிழியவில்லை. மழைக்கோட்டு மாட்ட உதவாது.

வண்டி குலுங்கி இடித்ததில் அவளுக்குக் காலில் ஒரு கன்றல், அவ்வளவுதான். திங்கட்கிழமை பேருந்து ஓட்டப் போய்விட்டாள்.

இனி எழுதப் போவதை யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். இடது பக்கத்து இரண்டு வெல்டையும் அறுத்தேன். சீக்கிரம் அறுபடவில்லை, நல்ல வெல்டு, உன்னைத் திட்டிக்கொண்டே அறுத்தேன். இரண்டாவது முடியும்போது பிளேடு தேய்ந்து பாட்டில் மூடி அளவுக்கு வந்துவிட்டது. வேறு பிளேடு இல்லை. கடை பத்து நிமிட நடை. வெயிலாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டதும் கண்ணைச் செருகியது, பெஞ்சில் படுத்தேன். எழுந்தபோது கடை மூடியிருந்தது. ஞாயிறு காலை நேரமில்லை. சரி, இந்த ஒரு தடவை இப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். பாதி அறுத்த வளையத்தோடு அவளை உட்காரவைத்து, நானே பெல்ட்டை இறுக்கிவிட்டேன். தலையாட்டி ஸ்டிக்கர் ஒட்டினான். குனியவில்லை.

வலது பக்கத்து இரண்டு வெல்டும் தாங்கிவிட்டன. வளையம் ஒரு காதில் மட்டும் போட்ட தொங்கட்டான் மாதிரி கோணலாகத் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே மூன்று நாளாகப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை ஓடவில்லை.

எல்லோரும் வந்து, மகள் தப்பித்தது கடவுள் புண்ணியம், உன் அக்கா புண்ணியம் என்கிறார்கள். உன் புண்ணியம் பாதிதான், உன் வெல்டில் பாதியை நான் அறுத்துவிட்டேன். மீதிப் பாதி அந்தத் தேய்ந்த பிளேடின் புண்ணியம். என் மகள் இன்று நடக்கிறாள் என்றால் அதற்கு அவள் அப்பன் ஒரு சோம்பேறி என்பதுதான் காரணம். நான் சுறுசுறுப்பான ஆளாக இருந்திருந்தால் அவளுக்குக் கால் இருந்திருக்காது. இதை எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை என்று நினைக்கிறேன்.

அவளிடம் சொல்லிவிடாதே. உன்னை இதுவரை எதுவும் கேட்டதில்லை, இது ஒன்றுதான். அவள் என்னை வந்து கட்டிப்பிடித்து, "நல்லவேளைப்பா, நீங்க அதை அறுக்கலை" என்றாள்.

பித்தளைப் பலகையை எடை போட்டேன். மூன்று கிலோ நானூறு. வளையம், முன்பு நான் எடை போட்டபோது, மூன்று கிலோ நூறு. பலகையைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 4

நீலக் காரின் சொந்தக்காரர் அவர்களுக்கு,

தங்கள் காரின் பாதுகாப்பு வளையம் அடி வாங்கி வளைந்திருப்பதாகத் தங்கள் கடிதத்தின் மூலம் அறிகிறேன். ஒரு தடவை அடி வாங்கிய வளையத்தை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தக் கூடாது. விதி இருபத்து மூன்று. கார் நிராகரிக்கப்படுகிறது. உறவினரின் காரை நான் பார்க்கக் கூடாது என்ற உத்தரவு நேற்று ரத்தானது. காருக்கு அடியில் நான் வெல்டு வைத்ததை நிர்வாகத்திடம் நானே போய்ச் சொன்னேன். என் ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, குனியாமலே ஸ்டிக்கர் ஒட்டிய தலையாட்டியை டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்கு மாற்றினார்கள். அவர்களுக்கும் வேறு ஆளில்லை. இனி ஐந்து காரும் எனக்குத்தான்.

தம்பி, மேலே எழுதியது அலுவலகத்துக்கு. கீழே எழுதுவது உனக்கு.

உன் கடிதத்தைக் கொட்டகையில் நின்றுகொண்டே படித்தேன். எனக்கு உன் மேல் இருக்கிற கோபத்துக்கு இங்கே இருக்கும் காகிதம் போதாது. அந்த மூன்று விரலை என் கையில் வைத்து வைத்துப் பார்க்கிறேன். நான் நீளத் துளை வெட்டிய அன்றே அந்தத் தகடு உப்பத் தொடங்கிவிட்டது என்றும் தெரிகிறது. அதனால் உன்னைத் திட்டும்போது பாதியில் நாக்கு என் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

கழற்றிய பலகையை ஏன் சும்மா வைத்திருக்கிறாய்? காரில்தான் அதற்கு இடமில்லை. பட்டறைச் சுவரில் மாட்டு. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை என் முகமூடியோடு வருகிறேன். நீலக் காருக்கு அளவெடுத்து ஒரு வளையம் செய்வோம். இந்தத் தடவை துளை வட்டமாக இருக்கும், வேறு எந்தக் காரிலும் மாட்ட வராது. புது ஜாயிண்ட்டை வாங்கி வை. யோசிக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாய். நான் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியவன் நீ. உனக்காக அந்த வேலையைச் செய்யும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

இத்துடன் கிரைண்டர் பிளேடு ஒன்று வைத்திருக்கிறேன். புதியது, முழு வட்டம், பாதியில் தேயாது. நான் வருவதற்குள் அந்தப் பழைய வளையத்தைக் காரிலிருந்து எடுத்து நாலு துண்டாக அறுத்துப் போட்டுவிடு. அறுக்கும்போது ஈரச் சாக்கைப் பிடிக்க உன் மகளைக் கூப்பிடு. எனக்கு அவள் சாக்கைப் பிடித்தாள், உனக்கும் பிடிப்பாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வலது பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும்போது இடது பக்கம் மட்டும் ஏன் ஏற்கெனவே இவ்வளவு வழவழப்பாக அறுபட்டிருக்கிறது என்று கேட்பாள். கேட்டால் கிரைண்டரை அணைத்துவிட்டுப் பதில் சொல். சத்தத்தில் அவளுக்குக் காது கேட்காமல் போய்விடக் கூடாது.

அக்கா